ஜனவரி 21-க்கு இரண்டு சீட்டு

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. அச்சகத்தில் பூஜை. வரப்போகும் வருஷத்துக்கான காலண்டர் மாதிரிகளின் ஆல்பங்களைச் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கிச் சூடம் காட்டி, ஆளுக்கு ஒரு லட்டும் ஒரு கை காராச்சேவும் கொடுத்தார்கள். சிவகாசியில் இன்றைக்கு எல்லா அச்சகத்திலும் இதேதான். எங்கள் லட்டில் முந்திரி இருக்கும்.

பூஜை முடிந்ததும் முதலாளி பேசினார். “நம்ம மேனேஜர் குருசாமி அண்ணாச்சி தை பிறந்ததும் ஓய்வு எடுத்துக்கிறாக. வெளியாளு யாரையும் கொண்டுவரப் போறதில்ல. உங்கள்ல ஒருத்தர்தான் அடுத்த மேனேஜர்.”

சொல்லும்போது என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் சுவர்க்கடிகாரம் இருந்தது என்பதையும் நேர்மையாகக் குறித்து வைக்கிறேன்.

அதனால்தான் இன்று இந்த டைரியை எடுத்தேன். எங்கள் அச்சகத்தில் அடித்ததுதான். பைண்டிங்கில் ஜூன் மாதம் விட்டுப்போனதால் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். ஊழியர்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்தார்கள். எனக்கு ஆகஸ்டில்தான் எழுதத் தோன்றியிருக்கிறது என்பதால் நஷ்டம் ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

முறையாக என்னைப் பற்றி எழுத வேண்டும். ஜெயக்கொடி, வயது நாற்பத்தொன்பது. தினசரிக் காலண்டரில் நீங்கள் கிழிக்கும் தேதித்தாள் இருக்கிறதே, அது என் பிரிவு. இருபத்து மூன்று வருஷம். திதி, நட்சத்திரம், ராகுகாலம் எல்லாம் ஜோசியர் கணித்துத் தந்துவிடுவார். அடியில் வரும் ஒரு வரி வாசகம் நான் எழுதுவது. பன்னிரண்டு ராசிக்கும் ஒற்றை வார்த்தையில் பலன் போட்டிருக்கும், அதுவும் நான்தான். லாபம், அலைச்சல், நட்பு, செலவு என்று முப்பது வார்த்தைகள் ஒரு அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன். மாற்றி மாற்றிப் போடுவேன். போட்டுவிட்டு, காலையில் வீட்டுக் காலண்டரில் கும்பத்துக்கு என்ன என்று பார்ப்பேன். என் ராசி கும்பம்.

மேனேஜர் பதவி எதற்கு என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். இரண்டு காரணம்.

ஒன்று, அச்சக முன்கூடத்தில் எங்கள் காலண்டர் ஒன்று மாட்டியிருக்கும். தினமும் காலை ஒன்பது மணிக்கு எல்லோரும் கூடி நிற்க, மேனேஜர் முந்தின நாள் தாளைக் கிழித்து, அன்றைய வாசகத்தைச் சத்தமாகப் படிப்பார். பிறகுதான் இயந்திரம் ஓடும். அந்தத் தாளை மேனேஜர் தவிர வேறு யாரும் தொடக் கூடாது. இருபத்து மூன்று வருஷமாக நான் எழுதியதை இன்னொருவர் படிக்கக் கேட்டு நிற்கிறேன். குருசாமி அண்ணாச்சி எந்த வாசகத்தையும் ரயில்வே அறிவிப்பு மாதிரிதான் படிப்பார்.

இரண்டு, போன சித்திரையில் என் மைத்துனர் வீட்டுப் புதுமனை புகுவிழா. அங்கே வந்த பெரிய மனிதர் ஒருவரிடம் மைத்துனர் என்னை அறிமுகப்படுத்தினார். “இவருதான் காலண்டர்ல ராகுகாலம் போடுறவரு.” அவர் என்னைப் பார்த்து, “அப்போ நீங்கதானா அது” என்றார், ராகுகாலமே நான்தான் என்பதுபோல. இலையில் உட்கார்ந்திருந்தேன், பாதியில் எழுந்திருக்க முடியவில்லை. இன்றுவரை அது எனக்கு ஆறவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் ஒருநாள் வகுப்பு: ‘எழுது, உயர்வாய்’. பயிற்சியாளர் ஞானப்பிரகாஷ் கோட் போட்டிருந்தார். சிவகாசி வெயிலில் கோட் போடுகிறவர் சாதாரண ஆளாக இருக்க முடியாது.

அவர் சொன்ன முறை: வேண்டியது நடக்கும் என்று எழுதக் கூடாது, நடந்துவிட்டது என்று எழுத வேண்டும். தினமும் காலையில் யாரோடும் பேசுவதற்கு முன் இருபத்தொரு தடவை. நடந்தேற வேண்டிய தேதியை மேலே போட்டு அதே வரியை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில், நெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இல்லை, வேண்டாம், முடியாது போன்ற மறுப்பு வார்த்தைகள் வாயில் வரவே கூடாது.

எங்கள் விற்பனைப் பிரிவு எபநேசரும் வந்திருந்தார். ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி இருந்தோம். சாம்பார் வாளி வந்தபோது பார்க்க வேண்டியதாகிவிட்டது. பிற்பகல் அவர் எழுந்து கேட்டார். “சார், ஒரே பதவிக்கு ரெண்டு பேரு எழுதினா?”

“பிரபஞ்சத்துக்கு இடப் பற்றாக்குறை கிடையாது” என்றார் ஞானப்பிரகாஷ். எல்லோரும் கைதட்டினோம்.

எங்கள் அச்சகத்தில் மேனேஜர் அறை ஒன்றுதான். அதைப் பிரபஞ்சத்திடம் யார் சொல்வது என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

தேதி பார்த்தேன். அடுத்த வருஷப் பஞ்சாங்கம் என் மேசையிலேயே இருப்பது வசதி. ஜனவரி 21. புதன்கிழமை, வளர்பிறை, திருதியை. தை பிறந்து ஒரு வாரம்.

அச்சகத்தில் மிஞ்சும் ஓரத்தாளைச் சீட்டாக வெட்டி வைத்திருப்போம். காலண்டர் வாசகங்களை அதில்தான் எழுதுவேன்: மேலே தேதி, கீழே ஒரு வரி. ஞானப்பிரகாஷ் சொன்ன வடிவமும் அதுவேதான். கை தானாக எழுதிவிட்டது.

ஜனவரி 21
நான் மேலாளர் ஆகிவிட்டேன்.

பையில் வைத்துக்கொண்டேன். நெஞ்சுப் பக்கம் கொஞ்சம் சூடாக இருந்தது. மின்வெட்டாகவும் இருக்கலாம்.

ஆகஸ்ட் 14, வியாழன்

இருபத்தொரு தடவை எழுதி முடிக்க இருபது நிமிஷம் ஆகிறது. ஒன்பதாவது தடவையின்போது மேல்தொட்டி நிரம்பி வழியத் தொடங்கியது. மோட்டாரை நிறுத்து என்று என் மனைவி வசந்தமணியிடம் சொல்ல வாயெடுத்தேன். பேசக் கூடாது என்பது ஞாபகம் வந்தது. கையைக் காட்டினேன். நான் காக்காவைக் காட்டுகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பிறகு காப்பி கொண்டுவந்தாள். “இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?” வேண்டாம் என்று சொல்லக் கூடாது. மூன்று டம்ளர் குடித்தேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பேச்சியம்மாளைப் பற்றி எழுதவில்லை. என் பிரிவில் கம்ப்யூட்டரில் பக்கம் கட்டுகிறவள். திருத்தங்கலிலிருந்து வருகிறாள். பதினெட்டு வயதில் தாள் அடுக்கும் மேசைக்கு வந்து, தபாலில் பி.காம். முடித்து, இங்கேயே பதினாறு வருஷம் ஆகிறது. இரண்டு பெண் பிள்ளைகள். வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவள் ஒருத்திதான் என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னாள்.

இன்று ஜோசியர் தந்ததில் ஒரு வாரத்தில் இரண்டு அமாவாசை இருப்பதைக் கண்டுபிடித்தாள். “சார், ஒண்ணைத் திருப்பிக் கொடுத்திரலாமா?” என்றாள். கெட்டிக்காரிதான். ஆனால் நிர்வாகம் என்பது வேறு.

செப்டம்பர் 2, செவ்வாய்

ஞானப்பிரகாஷ் வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார்: சீக்கிரம் நடக்க விரும்புகிறவர்கள் ஐம்பத்து நான்கு தடவை எழுதலாம். வீட்டில் நேரம் போதவில்லை. மீதியை ஆபீஸில் எழுதுகிறேன், காலை டீ வரைக்கும்.

தேதித்தாள் அச்சுக்குப் போகும் காலம் இது. அச்சாகும் ஒரு பெரிய தாள்தான் ஃபாரம்; அதில் பதினாறு தேதி, மொத்தம் இருபத்து மூன்று ஃபாரம். ஒவ்வொன்றின் புரூஃபையும் பார்த்து, ஓரத்தில் ‘பார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் பிளேட் போடுவார்கள். அந்தக் கையெழுத்து என் பொறுப்பு. “இனிமே நீயே பார்த்து நீயே போட்டுரு” என்று பேச்சியிடம் சொல்லிவிட்டேன். பொறுப்பைப் பகிர்ந்து கொடுப்பது மேலாளருக்கு உரிய குணம். எனக்கு இப்போதே வந்துவிட்டது.

செப்டம்பர் 9, செவ்வாய்

முப்பத்து ஏழாவது வரியில் இருந்தேன். பேச்சி வந்து நின்றாள்.

“சார், ஜனவரி இருபத்தொண்ணுக்கு ரெண்டு சீட்டு இருக்கு. எதைப் போட?”

எண்ணிக்கை தவறிவிடும் போலிருந்தது. “மேல இருக்கிறதைப் போடும்மா” என்றேன், தலை நிமிராமல்.

“மேல இருக்கிறதா சார்?”

“அதான் சொல்றேன்ல.”

ஒரு வேலை நடுவில் இருக்கும்போது இடையில் வந்து பேசக் கூடாது என்பது இவர்களுக்கு எப்போது புரியும். முப்பத்து ஏழா முப்பத்தெட்டா என்று தெரியாமல் முதலிலிருந்து எழுதினேன்.

செப்டம்பர் 10, புதன்

சட்டைப்பையிலிருந்த சீட்டைக் காணோம். வசந்தமணி சட்டையோடு துவைத்துவிட்டாள் என்று நினைக்கிறேன். புதிதாக ஒன்று எழுதிக்கொண்டேன்.

செப்டம்பர் 24, புதன்

ராசிபலன் வார்த்தைகளைப் போட்டுக் கொடுத்தேன். பேச்சி திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “ஜனவரி முழுக்க கும்பத்துக்கு உயர்வு, வெற்றி, பாராட்டுன்னே வருதே சார். மாத்தவா?”

“கிரக நிலை அப்படி.”

“சரி சார்” என்று விட்டுவிட்டாள். வழக்கமாக இரண்டு தடவை கேட்பாள்.

எபநேசர் விஷயத்திலும் ஏதாவது செய்யலாம் என்று பார்த்தேன். அவர் ராசி பார்க்கிறவர் இல்லை. என் கையில் ஒன்றும் இல்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. ஊரே புகை. அதிகாலையில் எண்ணெய் தேய்க்க வசந்தமணி கூப்பிட்டாள். நான் எழுதிக்கொண்டிருந்ததால் பதில் சொல்லவில்லை. அவளே போய்க் குளித்துவிட்டு, தனியாக ஒரு சரம் வெடித்துவிட்டு வந்து சொன்னாள். “உங்களுக்கு மேனேஜர் வேலை கிடைச்சா முதல்ல எனக்குத்தான் நிம்மதி.”

மகள் கோயம்புத்தூரிலிருந்து வீடியோவில் பேசினாள். “அப்பா ஏம்மா எதுக்கெடுத்தாலும் சரி சரிங்கிறாங்க?” என்று கேட்டாள். தீபாவளிக்கு இரண்டு சட்டை கேட்டிருந்தாளாம், ஐந்து வாங்கிவிட்டாள்.

நவம்பர் 17, திங்கள்

இருபத்து மூன்று ஃபாரமும் அச்சாகி, வெட்டி, அடுக்கி, தகரப்பட்டை போட்டு, லாரி லாரியாகப் போய்க்கொண்டிருக்கிறது. வெளியூர்க் கடைக்காரர் யாரும் திருப்பி அனுப்பவில்லை. குருசாமி அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு, “இந்த வருஷம் தேதித்தாள் ரொம்பச் சுத்தமா இருக்குய்யா, ஜெயக்கொடி” என்றார். நன்றி சொன்னேன். பேச்சி பக்கத்தில்தான் நின்றாள். அவளும் உழைத்திருக்கிறாள்.

எபநேசர் எழுதுவதை நிறுத்திவிட்டாராம். மணிக்கட்டு வலி.

டிசம்பர் 1, திங்கள்

எங்கள் வீட்டுக்கும் புதுக் காலண்டர் வந்துவிட்டது. வசந்தமணி புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள். “ஏங்க, சிம்மத்துக்கு ஏன் வருஷம் முழுக்க பொறுமை பொறுமைன்னே இருக்கு?”

அவள் ராசி சிம்மம். இருபத்து மூன்று வருஷத்தில் அவள் அதைப் பார்ப்பாள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

டிசம்பர் 16, செவ்வாய்

இன்று விசேஷமாக ஒன்றும் நடக்கவில்லை.

டிசம்பர் 17, புதன்

நேற்று எழுதியது சரியல்ல.

நேற்றுக் காலை சாத்தூர்ப் பாத்திரக்கடைக்காரர் போன் பண்ணினார். அவர் மகனுக்கு ஜனவரியில் பெண் பார்க்கப் போக வேண்டும். நாள் பார்க்கத் தாள்களைப் புரட்டியிருக்கிறார். இருபத்தொன்றாம் தேதியில் போய் நின்றுவிட்டார். “எங்க கடைப் பேரைப் போட்டு, கீழ ‘நான் மேலாளர் ஆகிவிட்டேன்’னு அடிச்சிருக்கீங்க. யாருய்யா அந்த மேலாளர்? என் கடையில மேனேஜரே கிடையாது” என்று முதலாளியிடம் சத்தம் போட்டிருக்கிறார். மத்தியானத்துக்குள் இன்னும் நான்கு கடைக்காரர்கள்.

முதலாளி அறைக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். குருசாமி அண்ணாச்சி, நான், பேச்சி. மேசையில் இரண்டாவது ஃபாரத்தின் புரூஃப். ஓரத்தில் ‘பார்த்தேன்’, கீழே பேச்சியின் கையெழுத்து.

“இதைப் பார்த்தது யாரு?”

“நான்தான் முதலாளி” என்றாள் பேச்சி.

“எழுதினது யாரு?”

பேச்சி என்னை ஒரு தடவை பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் ஒரு இறக்கை மற்ற இரண்டையும்விட அழுக்காக இருந்தது.

“சீட்டு கலந்து கிடந்துச்சு முதலாளி” என்றாள் அவள். “நான்தான் இன்னொரு தடவை கேட்டிருக்கணும்.”

அவள் இரண்டு தடவை கேட்டாள். செப்டம்பர் 9-ஆம் தேதியில் என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன். இப்போது புரட்டிப் பார்த்தேன்.

டிசம்பர் 22, திங்கள்

முதலாளி தனியாகக் கூப்பிட்டார். “பொங்கல் கழிச்சு நீங்களே மேனேஜர் நாற்காலியில உக்காருங்க, ஜெயக்கொடி. அந்தப் பிள்ளையை தையோட அனுப்பிடலாம். பதினாறு வருஷமா இருக்கா, மனசுக்குக் கஷ்டம்தான். ஆனா நாளைக்கு இன்னொண்ணு அடிச்சிட்டா?”

“சரி முதலாளி” என்றேன். நான்கு மாதமாக மறுப்புச் சொல்லிப் பழக்கமில்லை.

நடந்துவிட்டது. ஐம்பத்து நான்கு தடவை வீதம் எழுதியது பலித்துவிட்டது. வசந்தமணிக்கு அல்வா வாங்கிப் போனேன். “என்ன விசேஷம்?” என்றாள். “சும்மாதான்” என்றேன். நல்ல அல்வா. நான் ஒரு துண்டோடு நிறுத்திக்கொண்டேன்.

டிசம்பர் 24, புதன்

ஐம்பத்து நான்கு.

டிசம்பர் 27, சனி

முப்பது. கிடைத்துவிட்டதற்கு ஏன் எழுத வேண்டும் என்று தோன்றியது. பழக்கத்துக்கு எழுதினேன்.

ஜனவரி 2, வெள்ளி

பழைய டைரியிலேயே எழுதுகிறேன். முன்பக்கங்கள் ஏழு மாதம் காலியாகக் கிடக்கின்றன. ஜூனைக் கழித்தால் ஆறு. கிழமை மட்டும் ஒன்று தள்ளி அச்சாகியிருக்கிறது. அடித்துத் திருத்திக்கொள்கிறேன்.

பேச்சி தன் மேசையை ஒழுங்கு செய்துகொண்டிருந்தாள். யாரும் இன்னும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் வேலை முடிந்த வாசகச் சீட்டுகளைக் கம்பியில் குத்தி வைப்பாள். அதிலிருந்து ஒன்றை உருவி என்னிடம் நீட்டினாள்.

“உங்க சீட்டு சார். மத்ததோட குப்பைக்குப் போயிரக் கூடாதுன்னு எடுத்து வச்சேன்.”

என் கையெழுத்து. ஜனவரி 21. நடுவில் கம்பி குத்திய ஓட்டை. மேசையில் குனிந்தபோது பையிலிருந்து நழுவி வாசகச் சீட்டுகளோடு கலந்திருக்க வேண்டும்.

“இதை ஏம்மா முதலாளிகிட்டக் காட்டல?”

“காட்டியிருந்தா உங்களை எல்லாரும் சிரிச்சிருப்பாக சார்.” கொஞ்ச நேரம் மேசையைத் துடைத்தாள். “நான் அதைத் தப்புன்னே நினைக்கல. படிக்கிறவுக தன்னையே சொல்லிக்கிற மாதிரி ஏதோ தெம்பு கொடுக்கிற வாசகம் போலன்னு நினைச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு.”

“இன்னொரு சீட்டுல என்ன இருந்துச்சு?”

“காலையில் வெந்நீர் குடிப்பது வயிற்றுக்கு நல்லது.”

ஜனவரி 5, திங்கள்

ஏழாவது தடவைக்கு மேல் பேனா நகரவில்லை. வசந்தமணி காப்பியோடு வந்து நின்றாள். முறையை மீறிப் பேசிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டு, மின்விசிறி, அல்வா.

அவள் உட்கார்ந்துவிட்டாள். “அந்தப் பிள்ளை வேலையைப் பறிச்சுட்டு, மேனேஜர் வேலை கிடைச்சிருச்சுன்னு காலங்காத்தால உக்காந்து எழுதுறீங்களா?”

“நான் பறிக்கல. தானா...”

“எனக்கு வருஷம் முழுக்க பொறுமைன்னு போட்டதுக்கு நான் ஒரு வார்த்தை சொன்னேனா? இதுக்குச் சொல்லுவேன். இதை நீங்க சரி பண்ணலைன்னா அந்த மேனேஜர் நாற்காலியில நீங்க உக்காருற அன்னைக்கு நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்.”

அண்ணன் வீடு என்றால் புதுமனை புகுவிழா நடந்த வீடு. போனால் திரும்பி வரும்போது என்னென்ன பேச்சைக் கொண்டுவருவாள் என்று தெரியும். ஆனால் அதற்காக மட்டும் இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. ஐம்பது வயதை நெருங்குகிற ஆம்பளை, இரண்டு பிள்ளை பெற்ற ஒரு பெண்ணின் கையெழுத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்றிருக்கிறேன். இதை எத்தனை தடவை எழுதினாலும் அழியாது.

காப்பி இன்னும் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். சொல்ல முடிந்தது.

ஜனவரி 7, புதன்

முதலாளி முன்னால் சீட்டை வைத்தேன். வகுப்பு, ஞானப்பிரகாஷ், கோட், சட்டைப்பை எல்லாம் சொன்னேன். ஐம்பத்து நான்கு என்றதும் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

“ஆபீஸ் நேரத்துலயா?”

“டீ வரைக்கும்தான் முதலாளி.”

“டீ பதினொரு மணிக்குய்யா.”

“ஆமா.”

சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இந்த இடத்துல என்ன வந்திருக்கணும்?”

“வெந்நீர் வயிற்றுக்கு நல்லதுன்னு.”

அவருக்குச் சிரிப்பு வந்ததா கோபம் வந்ததா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். தோள் குலுங்கியது. திரும்பி வந்தபோது முகம் சாதாரணமாக இருந்தது.

“அப்போ ஃபாரமெல்லாம் யாரு பார்த்தது?”

“பேச்சி.”

“எத்தனை ஃபாரம்?”

“எல்லாம். இருபத்து மூணு.”

“அதுல தப்பு?”

“ஒண்ணு.” மீதியையும் சொல்லிவிட்டேன். “அதுவும் நான் போடச் சொன்னது.”

“சரி, போங்க” என்றார். சீட்டை அவரே வைத்துக்கொண்டார்.

ஜனவரி 12, திங்கள்

முதலாளி கூப்பிட்டார். பேச்சிதான் மேனேஜர். எனக்குத் தேதித்தாள் பிரிவே தொடரும். ஆபீஸ் நேரத்தில் சொந்த எழுத்து கூடாது. குருசாமி அண்ணாச்சி பக்கத்தில் இருந்தார். “பொம்பளப் பிள்ளை சமாளிச்சிருமா?” என்று கேட்டார். “நாலு மாசமா சமாளிச்சிருக்கு அண்ணாச்சி, நமக்குத்தான் தெரியல” என்றார் முதலாளி.

வயிறு எரிந்தது. எரியவில்லை என்று எழுதலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். ஐந்து மாதம் நடக்காததை எழுதியாகிவிட்டது, போதும். எரிந்தது. நன்றாக எரிந்தது.

வெளியே வரும்போது முதலாளி கேட்டார். “பொறுப்பு ஏத்துக்க ஒரு நல்ல நாள் சொல்லுங்க. நீங்கதானே எல்லாத்தையும் பார்க்கிறவரு.”

பஞ்சாங்கம் பார்க்கத் தேவை இருக்கவில்லை.

“இருபத்தொண்ணு, முதலாளி. புதன்கிழமை. வளர்பிறை.”

“சரி, அதையே வச்சுக்குவோம்” என்று குறித்துக்கொண்டார். அவர் சீட்டைப் பார்த்து ஐந்து நாள்தான் ஆகிறது. தேதி அவருக்கு ஞாபகம் இல்லை. முதலாளிகளுக்குத் தேதி ஞாபகம் இருந்தால் காலண்டர் எதற்கு.

ஜனவரி 21, புதன்

காலை எட்டே முக்காலுக்கே எல்லோரும் முன்கூடத்தில் கூடிவிட்டோம். பேச்சி பச்சை நிறப் பட்டு கட்டியிருந்தாள். அவளுடைய இரண்டு பெண்களும் பள்ளிச் சீருடையில் ஓரமாக நின்றார்கள். குருசாமி அண்ணாச்சி மாலை போட்டார். எபநேசர் கை குலுக்கினார், இடது கையால்.

ஒன்பது மணி. பேச்சி காலண்டர் முன்னால் போய் நின்று, ஜனவரி இருபதைக் கிழித்தாள். முதல் தடவை என்பதால் கொஞ்சம் கோணலாகக் கிழிந்தது. பிறகு அடியிலிருந்த வரியைப் படிக்க வாயைத் திறந்து, நின்றுவிட்டாள்.

திரும்பி என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை நான் மின்விசிறியைப் பார்க்கவில்லை.

“சத்தமாப் படிங்க” என்றேன்.

“நான் மேலாளர் ஆகிவிட்டேன்” என்று படித்தாள்.

ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு தாள் அடுக்கும் மேசைப் பெண்கள் கைதட்ட ஆரம்பித்தார்கள். முதலாளி ஏற்கெனவே திட்டம் போட்டுத்தான் அச்சடித்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். முதலாளி ஒன்றும் மறுக்கவில்லை. சாத்தூருக்கும் போன் போட்டு அப்படியே சொல்லப்போவதாக எபநேசரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சியின் சின்னப் பெண் அந்த வரியை இன்னொரு தடவை தானே எழுத்துக் கூட்டிப் படித்தாள். எனக்குக் கண் கலங்கியது. இருபத்து மூன்று வருஷத்தில் நான் எழுதிய வாசகம் ஒன்றைப் படித்து யாரும் அழுததில்லை. இன்று அழுதது நான்தான் என்றாலும் கணக்கு கணக்குத்தான்.

இயந்திரம் ஓடத் தொடங்கியது. பதினொரு மணி டீக்குப் பிறகு மேனேஜர் அறைக்குப் போனேன். கதவைத் தட்டினேன்.

“என்ன சார் தட்டிக்கிட்டு, வாங்க” என்றாள்.

“அடுத்த வருஷத்து ராசிபலன் அட்டையை மாத்தலாம்னு இருக்கேன். சிம்மத்துக்குப் பொறுமையை எடுத்துட்டு வேற ஏதாவது போடணும்.” அவள் சிரித்தாள். “அப்படியே உங்க ராசி என்னன்னு சொன்னீங்கன்னா...” என்று இழுத்தேன்.

“கும்பம் சார். அதான் அன்னைக்கு மாத்தவான்னு ஒரு தடவையோட விட்டுட்டேன்.”

வந்து என் மேசையில் உட்கார்ந்தேன். முப்பது வார்த்தை அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு டீ ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். காலண்டர் லட்சம் வீட்டுக்குப் போகிறது. இருபத்து மூன்று வருஷமாகக் கும்பத்துக்கு என்று நல்ல வார்த்தையாகப் பொறுக்கிப் பொறுக்கிப் போட்டுவந்திருக்கிறேன், கும்பம் என்றால் நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டு.